கிணற்றுத் தரவு யார் பெயரில்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை பெய்தால் வழுக்கியாறு கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் பசளையிலிருந்தும், வீட்டு வளவுகளின் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று, அதாவது நைட்ரேட், கிணறுகளுக்குள் இறங்குகிறது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. பிறகு சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை வெடித்தது. இன்னும் அளந்தார்கள்.

அந்த அளவீடுகளின் சராசரிகளும் வரைபடங்களும் கட்டுரைகளாக வந்தன. கிணறு கிணறாக, மாதம் மாதமாக எடுத்த மூல எண்கள் எங்கே என்று கேட்டால்தான் சிக்கல். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கலாம், இளைப்பாறிய ஒரு பேராசிரியரின் பழைய கணினியில் இருக்கலாம், போரில் போயும் இருக்கலாம். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். மண்ணும் மழையும் மாறும் ஓரிடத்தில் பழைய அளவை இல்லாமல் போனால் மறுபடி எடுக்கவே முடியாது. 1985ஆம் ஆண்டுத் தண்ணீரை இன்று அள்ள முடியுமா?

ஆகவே யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி தரவை இணையத்தில் திறந்து வையுங்கள் என்ற பேச்சு இங்கும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கேட்டவுடன் ஆய்வாளர் மனதில் எழும் முதல் கேள்வி: போட்டுவிட்டால் என் பெயர் என்ன ஆகும்? அற்பக் கேள்வி என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. வெயிலில் அலைந்து எடுத்த எண்களை யாரோ கொழும்பிலோ லண்டனிலோ இருந்தபடி இறக்கிக் கட்டுரையாக்கிவிடுவார் என்ற பயம் உலகம் முழுவதும் உண்டு. 2016 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ என்ற பேர்போன மருத்துவ இதழ், பிறர் எடுத்த தரவை வைத்து ஆய்வு செய்பவர்களைச் சிலர் ‘ஆய்வு ஒட்டுண்ணிகள்’ என்று பார்ப்பதாக ஆசிரியவுரையில் எழுதிப் பெரிய சண்டையை மூட்டிவிட்டது. பிறர் தரவைச் சிறப்பாகப் பயன்படுத்தியவருக்கு ‘ஒட்டுண்ணி விருது’ என்றே ஒன்றை வைத்து வேறு சிலர் அதற்குப் பதில் சொன்னார்கள். பகிடி நல்ல பகிடிதான், ஆனால் பயத்துக்கு அது மருந்தில்லை. மருந்து, தரவுக்கும் கட்டுரையைப் போலவே முறையாக மேற்கோள் காட்டும் பழக்கம். அந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

நன்றியுரையில் போட்டால் போதாது

பொதுவாக நடப்பது இது. தரவை எடுத்துப் பயன்படுத்தியவர் கட்டுரையின் கடைசியில், ‘தரவு தந்துதவிய திணைக்களத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி எழுதுவார். நல்ல மனதோடுதான் எழுதுவார். ஆனால் அந்த வரி எந்தக் கணக்கிலும் ஏறாது. கட்டுரை வெளியானதும் பதிப்பகம் அதன் உசாத்துணைப் பட்டியலைக் கிராஸ்ரெஃப் போன்ற பதிவகத்துக்கு அனுப்புகிறது. யார் யாரை மேற்கோள் காட்டினார் என்ற கணக்கு பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் உருவாகிறது. நன்றியுரை அதில் போவதில்லை. ஆக, தரவின் பெயர் உசாத்துணையில் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரவு எடுத்தவருக்குத் தன் தரவை யாரும் பயன்படுத்தினார்களா என்பதுகூடத் தெரியவராது.

2014இல் ஃபோர்ஸ்11 என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு தரவு மேற்கோளுக்கான எட்டுக் கோட்பாடுகளைக் கூட்டறிக்கையாக வெளியிட்டது. தரவும் கட்டுரைக்குச் சமமான, மேற்கோள் காட்டத் தகுந்த ஆய்வு விளைபொருள் என்பதே அதில் முதலாவது. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளம்புபவை: பெயர் உரியவருக்குப் போக வேண்டும், அடையாள எண் இருக்க வேண்டும், எந்தப் பதிப்பு, எந்தப் பகுதி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உசாத்துணையில் அது எப்படி இருக்கும்? ஒரு கற்பனைத் தரவுத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆக்கியவர்களின் பெயர்கள், பிறகு வெளியிட்ட ஆண்டு, பிறகு தலைப்பு: ‘வலிகாமக் கிணற்று நீர்த்தரம், மாதாந்த அளவீடுகள்’. அதன் பின் ‘பதிப்பு 2’, ‘தரவுத்தொகுதி’ என்ற குறிப்பு, தரவை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தின் பெயர், கடைசியாக டிஓஐ. புத்தகத்துக்கு எழுதுவதுபோலவேதான். கூடுதலாக இருப்பது பதிப்பு எண்ணும், ‘தரவுத்தொகுதி’ என்ற குறிப்பும், டிஓஐயும் மட்டுமே.

டிஓஐ என்பது 10 என்று தொடங்கும் ஒரு நிரந்தர அடையாளம். ஸெனோடோ களஞ்சியம் வழங்குவது 10.5281 என்று தொடங்கும். சாதாரண இணைய முகவரி, பல்கலைக்கழகம் தன் தளத்தை ஒருமுறை மாற்றிக் கட்டினாலே செத்துப்போகும். டிஓஐக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது, கோப்பு இடம் மாறினால் பதிவேட்டில் முகவரியை மாற்றிவிடுவார்கள், எண் அப்படியே இருக்கும். கட்டுரைகளுக்கு இந்த வேலையைக் கிராஸ்ரெஃப் செய்துகொண்டிருந்தது. தரவுக்கென்றே 2009இல் டேட்டாசைட் தொடங்கப்பட்டது. ஸெனோடோவை ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடம் 2013இலிருந்து நடத்துகிறது. யாரும் காசு கொடுக்காமல் போடலாம், ஒரு தொகுதிக்கு 50 கிகாபைட் வரை. நம் கிணற்று எக்செல் கோப்பு ஒரு மெகாபைட்கூட வராது.

இன்னொரு பழக்கமும் உண்டு: தரவை எடுத்துவிட்டு, அதை வைத்து முதலில் எழுதப்பட்ட கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுவது. பரவாயில்லை, ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் கட்டுரையில் பெயர் உள்ளவர்களும் தரவை எடுத்தவர்களும் ஒரே ஆட்கள் என்று சொல்ல முடியாது. கட்டுரை வந்த பிறகு தரவு திருத்தப்பட்டிருந்தால் கதை இன்னும் மோசம்.

பதிப்பு எண் என்ற சின்ன விசயம்

திருத்தம் என்று சொன்னேன். நைத்திரேற்றையே எடுத்துக்கொள்வோம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் பல ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை முழு அயனாக எழுதாமல், அதில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அப்படி எழுதினால் அதே எல்லை ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக 4.43ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது ஒரு எக்செல் நிரலின் தலைப்பில் வெறுமனே ‘நைத்திரேற்று’ என்று மட்டும் போட்டிருக்கிறது என்று வையுங்கள். கீழே ஒரு கிணற்றுக்கு 15 என்று இருக்கிறது. அயனாக எடுத்தால் தண்ணீர் நல்லது. நைதரசனாக எடுத்தால் அது 66, குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. ஒரே எண்தான். தலைப்பில் ஒரு சொல் விடுபட்டதால் தீர்ப்பே மாறுகிறது.

தரவைப் போட்டவர் பிழையைக் கண்டு தலைப்பைத் திருத்தி மறுபடி ஏற்றுகிறார். ஸெனோடோவில் அப்படி ஏற்றினால் புதிய பதிப்புக்குத் தனி டிஓஐ கிடைக்கும், பழையதும் அழியாமல் இருக்கும். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக இன்னொரு டிஓஐயும் உண்டு. ஆய்வுக்குப் பயன்படுத்திய பதிப்பின் டிஓஐயைத்தான் உசாத்துணையில் எழுத வேண்டும். பொது எண்ணை எழுதினால் அது எப்போதும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோய் விடும். நீங்கள் கணக்குப் போட்டது திருத்தத்துக்கு முன்னா பின்னா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. மரியாதைக்காக மட்டும் மேற்கோள் காட்டுகிறோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பெயர் போய்ச் சேருவது பாதி வேலை. எந்த எண்களிலிருந்து முடிவு வந்தது என்று இன்னொருவர் போய்ப் பார்க்க முடிவது மறுபாதி.

உரிமம் ஒன்று, மேற்கோள் இன்னொன்று

இந்த இரண்டையும் குழப்பாதவர் குறைவு. உரிமம் சட்டத்தின் பாற்பட்டது, மேற்கோள் ஆய்வு ஒழுக்கத்தின் பாற்பட்டது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்புத் தருவதில்லை. ஒரு கிணற்றில் 15 என்று அளந்தது யாருடைய சொத்தும் ஆகாது. தரவைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்திய விதத்தில் புதுமை இருந்தால் அந்தத் தொகுப்புக்குப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுத் தொலைபேசி விபரக்கொத்து வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. ஐரோப்பிய ஒன்றியமோ 1996இல் தரவுத்தளங்களுக்கெனத் தனி உரிமை ஒன்றை உருவாக்கியது. ஆக, எங்கள் எண்களைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போடப் போனால் வழக்கறிஞர் தலையைச் சொறிவார்.

தன் ஆக்கத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் சிசி பை போட்டால், பயன்படுத்துபவர் பெயர் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று நிபந்தனை வருகிறது. சிசி ஜீரோ போட்டால் எந்த நிபந்தனையும் இல்லை. எல்லா உரிமையையும் கைவிட்டாயிற்று. பல தரவுக் களஞ்சியங்கள் சிசி ஜீரோவையே விரும்புகின்றன. காரணம் நியாயமானது: நூறு தொகுதிகளை ஒன்றாக்கி, அதைப் பிறகு வேறு நூறோடு கலக்கும்போது சட்டப்படி நூற்றுக்கணக்கான பெயர்களைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தால் யாரும் கலக்கவே மாட்டார்கள்.

சரி, சிசி ஜீரோ என்றால் பெயர் போட வேண்டாமா? சட்டம் கேட்காது, அவ்வளவுதான். பதிப்புரிமை காலாவதியான பழைய நூலிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஆசிரியர் பெயர் சொல்லாமல் ஆய்வேட்டில் வைத்தால் மேற்பார்வையாளர் விடுவாரா? தரவுக்கும் அதே விதி. சிசி ஜீரோ என்பதைப் பெயர் சொல்லாமல் எடுக்கலாம் என்று வாசிப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருவதுண்டு. மறுபக்கம், சிசி பை போட்டால் மேற்கோள் தானாக வந்துவிடும் என்று நம்புவதும் வீண். எங்கோ ஓர் இணையத்தளத்தின் அடிக்குறிப்பில் பெயரைப் போட்டாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். உசாத்துணையில் ஏற வேண்டும் என்று உரிமம் சொல்லவில்லை.

ஆயிரம் பேரின் தரவு ஒன்றாக வந்தால்

சுண்டிக்குளத்திலும் யாழ் கடனீரேரியிலும் வலசை வரும் பறவைகளை எண்ணிப் பதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஈபேர்ட் தளத்தில் போடுவார்கள். அது பிறகு ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்துக்குப் போகும். அங்கே ஒருவர் தென்னாசியக் கரைப்பறவைகள் என்று தேடி இறக்கினால், நூற்றுக்கணக்கான தொகுதிகளிலிருந்து துண்டு துண்டாகத் தரவு வரும். அத்தனையையும் உசாத்துணையில் எழுதுவது ஆகாத காரியம்.

ஜிபிஐஎஃப் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் அது தனி டிஓஐ கொடுக்கிறது. ஆய்வாளர் அந்த ஒரே எண்ணை எழுதினால் போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தெந்தத் தொகுதியிலிருந்து எத்தனை பதிவுகள் வந்தன என்ற கணக்கு இருக்கிறது, மேற்கோள் அத்தனை தொகுதிகளுக்கும் பிரிந்து போய்ச் சேருகிறது. தன் தொகுதி எந்தெந்தக் கட்டுரைகளில் பயன்பட்டது என்று தரவு வெளியிட்டவர் தன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இறக்கியவர் டிஓஐயை விட்டுவிட்டு வெறுமனே ‘ஜிபிஐஎஃப் தளம்’ என்று எழுதினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

பெயர் எங்கே விடுபடுகிறது

இதுவரை சொன்னது பயன்படுத்துபவரின் பொறுப்பு. மேற்கோள் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். என் அபிப்பிராயத்தில் பெரிய அநியாயம் அதற்கு முன்பே, தரவைக் களஞ்சியத்தில் ஏற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்துவிடுகிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து ஒரு இறுதியாண்டு மாணவி போத்தல்களோடு பஸ் ஏறி வலிகாமத்துக்கு வருகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு படலையாகத் தட்ட வேண்டும்.

“அன்ரி, கிணத்தில கொஞ்சம் தண்ணி எடுக்கட்டே?”

“எடுங்கோ பிள்ளை. போன வருசமும் ஆரோ வந்து எடுத்துக்கொண்டு போனவை. குடிக்கலாமோ கூடாதோ எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை.”

மாதிரி எடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்து, ஆய்வுகூடத்தில் கொடுத்து, வந்த எண்களை எக்செலில் தட்டியது அவர். பட்டம் முடிந்து போய்விடுகிறார். சில ஆண்டுகள் கழித்துத் தரவைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது படிவத்தில் ‘ஆக்கியவர்’ என்ற இடத்தில் மேற்பார்வையாளரின் பெயர் மட்டும் விழுகிறது. இனிமேல் உலகில் யார் எவ்வளவு ஒழுங்காக மேற்கோள் காட்டினாலும் அந்த மாணவிக்கு ஒன்றும் வராது. மேற்கோள் வரியை இயந்திரம் ‘ஆக்கியவர்’ பெட்டியிலிருந்துதான் எடுக்கிறது.

டேட்டாசைட் படிவத்தில் ‘பங்களித்தவர்’ என்று இன்னொரு பெட்டி உண்டு. அதில் தரவு சேகரித்தவர், தரவைச் செப்பனிட்டவர், தொடர்புக்குரியவர் என்று வகை வகையாகப் போடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பெயர்கள் களஞ்சியப் பக்கத்தில் தெரியுமே தவிர மேற்கோள் வரியில் வருவதில்லை. எனவே களவேலையின் பெரும்பங்கைச் செய்தவரை ‘பங்களித்தவர்’ பெட்டியில் வைத்துவிட்டு நியாயம் செய்துவிட்டோம் என்று திருப்திப்படுவது சரியில்லை. எண்ணை உண்டாக்கியவர் ஆக்கியவர். அவருக்கு ஓர்கிட் எண்ணும், அதாவது ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணும், எடுத்துக் கொடுத்துவிட்டால், 16 இலக்கம்தான், கலியாணம் முடித்துப் பெயரின் பின்பாதி மாறினாலும் கனடா போனாலும் மேற்கோள் அவரைத் தேடிப் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயருமாக ஒரு பீடத்திலேயே மூன்று பேர் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லும் மரபு தமிழுக்குப் புதிதல்ல. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) காலத்தில் ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றியவர்கள் சந்தித்ததும் இதே கேள்விதான். உ. வே. சாமிநாதையர் பதிப்புகளின் முகவுரையைப் பிரித்தால் எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்ற விபரம் வரிசையாக இருக்கும். ஏடு கொடுத்தவருக்கு மரியாதை என்பது ஒன்று. பாடபேதம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் வருபவர் சரிபார்க்கலாம் என்பது இன்னொன்று.

கிணற்றுக்காரருக்கு வருவோம். அவர் பெயரையும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. ஒரு வீட்டுக் கிணற்றின் ஜிபிஎஸ் ஆள்கூறு அந்த வீட்டின் விலாசமேதான். தண்ணீர் பழுது என்று ஊருக்குத் தெரிந்தால் காணி விலையிலிருந்து சம்பந்தப் பேச்சுவரை பாதிக்கும். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆள்கூற்றைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாகக் குறைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வட்டத்துக்குள் மங்கிவிடும், நிலத்தடி நீர் ஆய்வுகள் பலவற்றுக்கு அது போதும். நன்றியைக் கிராமத்தின் பெயரில் சொல்லலாம். அதைவிட அந்த அன்ரி கேட்டது வேறு: அளந்த முடிவு. பூர்வீகக் குடிகளின் தரவுக்கென 2019இல் வகுக்கப்பட்ட கேர் கோட்பாடுகள், தரவு தந்த சமூகத்துக்குக் கூட்டாகப் பயன் திரும்ப வேண்டும் என்பதை முதலில் வைக்கின்றன. நம் விடயத்தில் அது ஒரு அரைத்தாள் கடிதம்.

நூலக எண்ணும் இதற்குள் வரும்

தரவு என்றால் எண்கள் மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கில் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. 1981இல் யாழ் பொதுநூலகம் எரிந்த ஊர் இது. அந்த இழப்புக்குப் பிறகு ஒரு பழைய சஞ்சிகையைத் தேடி எடுத்து, தாள் கிழியாமல் வருடி, விபரம் பதிந்து ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஆய்வேடுகளில் என்ன நடக்கிறது? நூலகம் தளத்தில் வாசித்துவிட்டு, மூலநூலைக் கையில் வைத்திருந்ததுபோல் 1930களின் அச்சு விபரத்தை மட்டும் உசாத்துணையில் எழுதுகிறார்கள். இணையத்தில் எடுத்தோம் என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம்.

அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ என்று ஒன்று இருக்கிறது. மூலநூலின் விபரத்தை எழுதி, தொடர்ந்து ‘நூலகம், நூலக எண்’ என்று போட்டு எண்ணைச் சேர்த்தால் போதும். வருடிய பிரதியில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் அந்தக் குறை உங்கள் தலையில் விழாது என்ற இலாபமும் உண்டு.

டிஓஐயே இல்லாத தரவு

கடைசியாக, இங்கே அதிகம் புழங்குவது. ஒரு திணைக்கள அலுவலர் வட்ஸ்அப்பில் அனுப்பிய எக்செல், ஒரு சிநேகிதர் பென்டிரைவில் தந்த மழைவீழ்ச்சி அட்டவணை. இவற்றுக்கு உசாத்துணையில் தந்தவரின் பதவி அல்லது நிறுவனம், தரவின் தலைப்பு, எந்தக் காலத்துக்கு உரியது, எந்தத் திகதியில் பெற்றது, ‘வெளியிடப்படாத தரவு’ என்ற குறிப்பு ஆகியவை இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். பல சஞ்சிகைகள் இதைப் பட்டியலில் விடாமல் கட்டுரை உடலில் எழுதச் சொல்லும். அப்படி எழுதினால் எந்தக் கணக்கிலும் வராது. அதைவிடத் தரவு தந்தவரிடமே, “இதை ஒரு களஞ்சியத்தில் போட்டுவிடுங்கள், அந்த எண்ணை எழுதுகிறேன்” என்று கேட்பது நேர்வழி. பலருக்கு அது இலவசம் என்பதே தெரியாது.

இறுதியாண்டு மாணவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ஸெனோடோவில் கோப்பை வெளியிடுவதற்கு முன்பே டிஓஐயை ஒதுக்கிக்கொள்ளலாம். ஆய்வேட்டைக் கட்டுவதற்குக் கொடுக்கும்போதே அந்த எண்ணைப் பின்னிணைப்பில் அச்சிட்டுவிட்டு, பரீட்சகர்கள் பார்த்து முடித்தபின் வெளியிடு பொத்தானை அழுத்தினால் போதும். கட்டுரை வரும்வரை கோப்பைப் பூட்டி வைக்க விரும்பினால் திறக்கும் திகதியையும் குறிக்கலாம். ஆனால் வெளியிட்ட பிறகு பதிவை இல்லாமல் ஆக்க முடியாது. கோப்பை விலக்கிக்கொண்டாலும், அது விலக்கப்பட்டது என்ற அறிவிப்போடு அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும். ஆகவே பொத்தானை அழுத்துமுன் ‘ஆக்கியவர்’ பெட்டியை மேற்பார்வையாளரும் மாணவரும் சேர்ந்திருந்து ஒருமுறை பார்ப்பது நல்லது, நிரல் தலைப்பில் அலகு போட்டாயிற்றா என்பதையும்.